ஒருமனதாகத் தேர்வான தலைவியிடம் கேட்க வேண்டியவை

பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் "ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. ஊரில் சண்டை சச்சரவில்லாமல் முடிந்ததே என்ற நிம்மதி அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பல ஊர்களில் அந்த ஒருமனம் முந்தின நாளே டீக்கடையிலோ பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ தயாராகிவிடுகிறது. மறுநாள் பெயரை வாசிப்பார்கள், கை தூக்குவார்கள், கைதட்டுவார்கள், டீ பிஸ்கட்டோடு கலைவார்கள். தலைவியாக வரப்போகிற அம்மா இந்தப் பள்ளிக்கு என்ன செய்ய நினைக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் பள்ளி வாரியத் தேர்தலில் நிற்பவர்களைப் பெற்றோர் அமைப்புகளும் உள்ளூர்ப் பத்திரிகைகளும் கேள்வித்தாள் நீட்டிப் பதில் வாங்கி வெளியிடுகின்றன. நம் ஊரில் ஒரே ஒரு கேள்வி கேட்டால்கூட "ஏம்ப்பா, குழப்பம் பண்ற?" என்பார்கள்.

இத்தனைக்கும் சட்டம் இந்தக் குழுவுக்குக் கொடுத்திருக்கிற இடம் சின்னதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிவுற்ற பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களைப் புதுப்பித்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர், தலைமை ஒரு அம்மாவுக்கு. இரண்டாண்டுக் காலம் முடிந்து 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தீட்டுவதும் மானியச் செலவைக் கண்காணிப்பதும் இந்தக் குழுவின் வேலை. பிடிஏ என்று நாம் சொல்லும் பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. பிடிஏ தலைவர் பதவிக்கு ஊர்ப் பிரமுகர்கள் போட்டி போடுவதும், மேலாண்மைக் குழுத் தலைவி பதவிக்கு "யாராவது ஒரு அம்மா பேர சொல்லுங்க" என்று தேடுவதும் ஒரே பள்ளியில் நடக்கிற கூத்து.

கண்ணுக்குத் தெரியும் வாக்குறுதிகள்

அத்தி பூத்தாற்போல யாராவது கேட்டுவிட்டால் வரும் பதில்கள் மூன்று: சிசிடிவி, சுற்றுச்சுவர், ஸ்மார்ட் போர்டு. மூன்றும் திறப்பு விழாவுக்கு ஏற்றவை. சுற்றுச்சுவர் பல இடங்களில் உண்மையாகவே தேவை. நெடுஞ்சாலை ஓரப் பள்ளிக்கும் குளத்தங்கரைப் பள்ளிக்கும் அதுதான் முதல் வேலை. சிசிடிவி விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். கேமரா பார்ப்பது வாசலையும் தலைமையாசிரியர் அறை முன் வராந்தாவையும். பதிவுப் பெட்டியின் வட்டு நிறைந்ததும் பழைய படம் தானாக அழிந்து புதியது ஏறும். இரண்டு மாதம் முன்பு நடந்ததை இன்று தேடினால் கிடைக்காது. கடவுச்சொல் மாட்டிக் கொடுத்த ஆளிடம் மட்டும் இருக்கும், அவர் போனை எடுக்கமாட்டார். கரண்ட் போனால் யுபிஎஸ் இல்லாத பெட்டி அணைந்துவிடும், திரும்ப யாராவது போட வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடினாலும், பிள்ளைகள் பயப்படுகிற இடங்களான கழிப்பறைப் பின்பக்கம், பொருளறை, கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நிறுத்தம் எதுவும் அந்தக் கேமராவில் வராது. "கேமரா போடுவோம்" என்கிற வேட்பாளரிடம் "எத்தனை நாள் பதிவு நிற்கும், யார் பார்ப்பார்கள், எந்த மூலையைப் பார்க்கும்?" என்று கேட்டாலே பேச்சு உருப்படியான பக்கம் திரும்பிவிடும்.

பாதுகாப்பு ஒரு தலைப்பு, சமத்துவம் வேறொரு தலைப்பு என்று பிரித்துப் பேசுவதும் இந்த வாக்குறுதிகளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பள்ளிக்குள் போய் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் உடைகின்றன. அந்த இடம் பெரும்பாலும் கழிப்பறை.

பத்து நிமிட இடைவேளையின் கணக்கு

ஒரு நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 240 பிள்ளைகள், பாதிப் பேர் பெண்கள். தூய்மைப் பள்ளித் திட்டத்தின் விரும்பத்தக்க அளவு, 40 பேருக்கு ஒரு கழிப்பறை, மூன்று சிறுநீர் கழிப்பிடம். அதன்படி 120 மாணவியருக்கு மூன்று கழிப்பறை, ஒன்பது கழிப்பிடம் வேண்டும். பள்ளியில் மூன்று கழிப்பறை இருக்கிறது, கழிப்பிடம் கட்டவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். புள்ளிவிவரப் படிவத்தில் "கழிப்பறை உள்ளது" என்று டிக் விழுந்துவிடும். நேரில் பார்த்தால் ஒன்று பூட்டியிருக்கும், சாவி ஆசிரியர் அறை ஆணியில் தொங்கும். இன்னொன்றில் தாழ்ப்பாள் பிய்ந்து திருகாணி ஓட்டை மட்டும் மிச்சமிருக்கும். மீதி ஒன்று. இடைவேளை பத்து நிமிடம், ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்றால் ஐந்து பேர் போய் வரலாம். மற்றவர்கள் அடக்கிக்கொள்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பெண் தண்ணீர் பாட்டிலை நிறைத்தபடியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவது இதனால்தான். குடித்தால் போக வேண்டியிருக்கும். தாழ்ப்பாள் இல்லாத அறைக்குத் தோழியைக் காவலுக்குக் கூட்டிப்போவாள். மாதவிலக்கு நாட்களில் வரவே மாட்டாள். வசதி இருப்பவர்கள் பிள்ளையை வேனில் ஏற்றி வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். மீதமிருப்பவர்கள் இந்தக் கணக்குக்குள்தான் வாழ்கிறார்கள்.

தண்ணீர் இன்னொரு தலைவலி. வாளியால் ஊற்றினால் ஒரு முறைக்கு ஐந்து லிட்டராவது ஆகும். 120 பேர் ஒரு முறை போனாலே 600 லிட்டர். மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இருக்கும். அதை நிரப்பும் மோட்டாரைக் காலையில் யார் போடுவது என்பது மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. தூய்மைப் பணியாளர் வராத நாளில் ஒரு மாணவன் போடுவான். மோட்டார் எரிந்துபோனால் அடுத்த மானியம் வரும்வரை குடத்தில்தான் எடுக்க வேண்டும். குடத்தை யார் எடுக்கிறார்கள் என்று கவனித்தால் அந்த ஊரின் சாதிக் கணக்கு அப்பட்டமாகத் தெரியும். 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பட்டியலின மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை ஒருவர் கைதானார். அப்படியொரு பள்ளியிலும் காகிதத்தில் மேலாண்மைக் குழு இருக்கத்தான் செய்யும்.

இங்கே குழுவின் கையில் அதிகாரமும் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் எண்ணிக்கைக்கு ஏற்ப வருகிறது: 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்குச் செலவிட வேண்டும். நம் 240 பேர் பள்ளிக்கு அது 5,000 ரூபாய். பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 500. ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், பிரஷ், கைகழுவ சோப்பு எல்லாம் அதற்குள் என்றால் மூன்றாவது வாரமே கை விரித்துவிடுவார்கள். பத்து சதவீதம் என்பது கீழ் எல்லை. அதை இருபதாக்கத் தீர்மானம் போட யாரும் தடையில்லை. "நான் வந்தால் மானியத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூய்மைக்கு" என்று ஒரு அம்மா சொன்னால், முன்னுரிமை என்ற சொல்லுக்கு அவர் அர்த்தம் கொடுத்துவிட்டார் என்று பொருள். ஸ்டேஷனரியிலும் கட்டட வண்ணத்திலும் எது குறையும் என்றும் அவர் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லட்டும், அதுதானே வேண்டும். மானியம் எப்போது வரும் என்பது அவர் கையில் இல்லை. 2024-25இல் பிஎம்ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தபோது கீழே வரை அதன் வலி தெரிந்தது. வந்த பணத்தை எதற்கு முதலில் எடுப்பது என்பது மட்டுமே அவர் கையில் இருக்கிறது.

பெயர் வாசித்ததற்கும் கைதட்டியதற்கும் நடுவே

எல்லாம் திரும்பக்கூடிய இடம் ஐந்து நிமிடம்தான். தலைமையாசிரியர் பெயரை வாசித்துவிட்டார். குழு விவரத்தைக் கல்வித் துறைச் செயலியில் இன்றே பதிவேற்ற வேண்டும், வட்டார அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டிருக்கிறது. "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்கிறார். அந்தக் கணத்தில் ஒரு பெற்றோர் எழுந்து, "அக்கா, நீங்க தலைவியா வந்தா முதல் கூட்டத்துல என்ன தீர்மானம் போடுவீங்க?" என்று கேட்டால் என்ன நடக்கும்? ஒன்று, அந்த அக்கா ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னதை நூறு பேர் கேட்டிருப்பார்கள். இரண்டு, பின்வரிசையிலிருந்து அவருடைய கணவர் பதில் சொல்லத் தொடங்கினால் இந்த இரண்டு வருடம் யார் தலைவியாக இருக்கப்போகிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். மூன்று, தலைமையாசிரியருக்கு இது மிரட்டலாகத் தோன்றினாலும் உண்மையில் உதவி. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு அவர் பலமுறை எழுதியும் நகராத வேலைக்கு இப்போது ஊர் துணைக்கு வருகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மைக் முன்னால் ஒருநாளும் நிற்காத அம்மாவை எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டுத் திணறடிப்பது சரியா? சரியில்லை. அதனால் கேள்வி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கூட்ட அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வரும்போதே மூன்று கேள்விகளையும் சேர்த்து அனுப்பிவிடலாம்: முதல் தீர்மானம் எது, மானியத்தில் எதற்கு முதல் இடம், ஒரு பிள்ளை புகார் சொன்னால் அடுத்து என்ன செய்வீர்கள். யார் நிற்கிறார்களோ வீட்டில் யோசித்துவிட்டு வரட்டும். காகிதத்தைப் பார்த்து வாசித்தாலும் பரவாயில்லை.

கேள்வியைவிட முக்கியம் கூட்ட நேரம். வேலைநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். வருகையை நாளுக்கு இரண்டு முறை போட்டோ எடுக்கிற செயலி அவர்களை அசையவிடாது. பனியன் கம்பெனிக்குப் போகிற அம்மாவுக்கு ஷிப்ட் போகும். காலனிப் பெற்றோர் இல்லாத கூட்டத்தில் எடுத்த ஒருமனதான முடிவு, இருந்தவர்களின் ஒருமனம். அவ்வளவுதான்.

நகரும் தீர்மானம், நகராத தீர்மானம்

புத்தகத்தில் அடிக்கடி காண்பது இந்த வரி: "பெண்கள் கழிப்பறையைச் சரி செய்யக் கேட்டுக்கொள்ளப்படுகிறது." யாரிடம் கேட்கிறார்கள், எந்த அறை, எதைச் சரி செய்வது, எப்போதைக்குள்? ஒன்றுமே இல்லை. இதை வாங்கிப் பார்க்கிற அலுவலருக்குச் செய்ய எதுவும் இல்லை, செய்யாமல் விட்டதற்குப் பதில் சொல்லவும் எதுவும் இல்லை. அதே விஷயத்தை, மீதமிருந்த ஒன்றும் அடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, இப்படி எழுதிப் பார்க்கலாம்: "120 மாணவியர் பயன்படுத்தும் மூன்று கழிப்பறைகளில் இரண்டாவதில் தாழ்ப்பாள் இல்லை, மூன்றாவதில் கோப்பை உடைந்து அடைத்துள்ளது. இரண்டாவதின் தாழ்ப்பாளைப் பள்ளி மானியத்திலிருந்து வரும் 15ஆம் தேதிக்குள் மாற்றுவது, பொறுப்பு துணைத்தலைவர். மூன்றாவதின் கோப்பையும் குழாயும் மாற்ற மதிப்பீடு தயாரிக்கக் கோரி வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கடிதம், நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. முதல் அறையின் பூட்டை இன்றே எடுப்பது. அடுத்த கூட்டத்தில் இதுவே முதல் பொருள்." கையெழுத்து போடும் முன் யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் பிறகு நிரப்பிக்கொள்ளும் பழக்கம் இன்னும் பல இடங்களில் சாகவில்லை.

எழுதும்போது அதிகம் தவறுவது விலாசம். ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்கள் ஒன்றியத்துக்குச் சொந்தம். கடிதம் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும். கல்வித் துறைக்கு அனுப்பினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சி. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகப் பொதுப்பணித் துறை. மைதானத்துக்கு மேலே தொய்ந்து தொங்கும் கம்பிக்கு மின்வாரிய உதவிப் பொறியாளர். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களை இடிக்க உத்தரவு போனது. இடித்தார்கள். ஆனால் புதுக் கட்டட அனுமதி வேறு கோப்பு, வேறு நிதி, வேறு வருடம். மரத்தடி வகுப்புகள் இப்படித்தான் உருவாகின்றன. இடிக்கக் கேட்கும் தீர்மானத்திலேயே மாற்று வகுப்பறை எங்கே, புதுக் கட்டடம் எந்தத் திட்டத்தில் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டி மூடியைப் பார்க்க நிபுணர் வேண்டாம். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் தனியார் பள்ளி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து எல்கேஜி குழந்தை இறந்தது. தகர மூடி துருப்பிடித்திருந்தால் கான்கிரீட் மூடி போட வேண்டும், போடும்வரை முள்வேலி. அதேபோலச் சாய்தளம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. ஒன்றரை அடி திண்ணைக்குப் பதினெட்டு அடி வேண்டும். இடமில்லை என்று ஆறு அடியில் முடித்துவிடுவார்கள். சக்கர நாற்காலி அதில் ஏறாது, இறங்கினால் நிற்காது. நேராகப் பதினெட்டு அடி இல்லையென்றால் நடுவில் தளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். இதைக் கொத்தனாரிடம் சொல்ல, மாற்றுத்திறன் குழந்தையின் பெற்றோர் குழுவில் இருந்தால்தான் யாருக்காவது நினைவு வரும்.

சாதியும் புகாரும்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதி அடையாளமாக அணியும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதல் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிவரை அது தொட்டது. கயிற்றை அறுப்பதில் மட்டும் ஊர் வாய்ச்சண்டை போட்டது. மேலாண்மைக் குழு வேட்பாளருக்கு உண்மையான பரீட்சை காலை உணவுக் கூடத்தில்தான். தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் 2023 செப்டம்பரில் பட்டியலினப் பெண் சமைத்ததால் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள், அதிகாரிகளும் எம்பியும் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அதிகாரி ஒருநாள் சாப்பிட்டுப் போய்விடுவார். தலைவியின் பிள்ளை தினமும் அங்கே முதல் பந்தியில் உட்காருமா என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் எடுத்துக்கொள்ளும் நேரமே பாதி விடை.

பாலியல் புகாரில் குழு செய்ய வேண்டியது மிகக் குறைவு, ஆனால் அதைத் தவறாமல் செய்ய வேண்டும். போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைப்பது 21ஆவது பிரிவில் குற்றம், நிறுவனத் தலைமை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. குழு கூடி விசாரிப்பது, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவது, "பொண்ணு வாழ்க்கை" என்று சமாதானம் செய்வது எல்லாமே பஞ்சாயத்து. பிள்ளை ஒரு முறை சொன்னால் போதும், திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கல்வித் துறையின் 14417க்கும் அழைக்கலாம். பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தால் யாரும் எதுவும் போடமாட்டார்கள். அது எங்கே இருக்கிறது, யார் முன்னிலையில் எப்போது திறக்கிறார்கள் என்பதைத் தலைவி தெரிந்து வைத்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2025 பிப்ரவரியில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் மூவர் மாணவி ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கைதான வழக்கு, அந்த மாணவி பல நாள் வராததைத் தலைமையாசிரியர் விசாரிக்கப் போனபோதுதான் வெளியே வந்தது. தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயரை மாதக் கூட்டத்தில் வாசிக்காமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லி, பள்ளியிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போனாரா என்று கேட்பது எந்தக் கேமராவையும் விடப் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

இதெல்லாம் பேசி முடித்த பிறகும் தீர்மானம் தூங்கலாம். கூட்டம் முடிந்ததும் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், செயலியில் ஏறியதும் அதுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஆறு கிராமசபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருவதில் அதே வாசகத்தை வைத்து வாசிக்கச் சொல்லலாம். அப்போதும் நகராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தீர்மான எண்ணும் தேதியும் குறிப்பிட்டு, "இக்கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையும் கோப்புக் குறிப்புகளின் நகலும்" என்று கேட்டு ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். முப்பது நாள் அவகாசம். தலைவியின் பெயரில் போவதைவிட ஒரு சாதாரணப் பெற்றோர் பெயரில் போனால் தலைமையாசிரியருக்கும் தலைவிக்கும் சங்கடம் குறையும்.